மூக்கில் தொடங்கிக் காலில் முடிந்த வகுப்பு

நாளைக் காலையில் நர்சுகளான உங்களுக்கு மனநலப் பயிற்சி இருக்கிறதாம். மைண்ட்ஃபுல்னெஸ் என்று பலகையில் எழுதிப் போட்டிருக்கிறார்கள். அதைப் படித்துவிட்டுப் பின்வரிசையில் இரண்டு பேர் உதட்டைப் பிதுக்கியதைப் பார்த்தேன். பரவாயில்லை, உங்கள் வயதில் நான் இருந்திருந்தால் உதட்டைப் பிதுக்குவதோடு விட்டிருக்க மாட்டேன், எழுந்தே போயிருப்பேன். டூட்டி முடிந்து எப்போது வீட்டுக்குப் போவோம் என்று நிற்கிறவளைப் பிடித்து உட்கார வைத்து, மூச்சை இழு, மூச்சை விடு என்றால் யாருக்குத்தான் எரிச்சல் வராது? இத்தனை நேரம் மூச்சு விடாமலா வேலை பார்த்தோம்?

ஆனால் அப்படி ஒரு வகுப்புதான் என் வார்டில் ஒரு பெண்ணைக் காப்பாற்றியது. நர்ஸைச் சொல்கிறேன், நோயாளியை இல்லை. யோசித்துப் பார்த்தால் நோயாளியையும்தான். பணிக்காலத்தில் நான் பட்டது, கற்றது எல்லாவற்றையும் சொல்லச் சொன்னார்கள். எல்லாவற்றையும் யார் கேட்கப் போகிறீர்கள்? இந்த ஒன்றை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன்.

தொண்ணூறுகளின் கடைசி. பெங்களூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் தீக்காய வார்டுக்கு நான் பொறுப்பு சிஸ்டர். அதே ஊரில் தமிழ்க்காரர்கள் நிறைந்த ஸ்ரீராம்புரத்தில் பிறந்து, அங்கேயே கல்யாணமாகி, அங்கிருந்தே டூட்டிக்கு வந்து போனவள். எங்கள் சந்தில் குழாயடியில் நின்று பழகிய வாய் எனக்கு. அந்த வாய்க்குப் பயந்தே வார்டு ஒழுங்காக நடந்தது என்று பின்னால் பேசிக்கொண்டார்கள். முன்னால் பேச யாருக்கும் தைரியம் இருந்ததில்லை.

தீக்காய வார்டில் வேலை செய்தவர்கள் உங்களில் எத்தனை பேர் என்று தெரியாது. அங்கே ஒரு நாளின் பாரம் முழுவதும் காலை டிரஸ்ஸிங்கில் இருக்கும். முதல் நாள் கட்டிய துணி புண்ணோடு ஒட்டியிருக்கும். தண்ணீர் விட்டு ஊற வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக உரித்தெடுக்க வேண்டும். வலிக்கு ஊசி போட்டிருந்தாலும் கத்துவார்கள். எங்கள் கையைப் பிடித்துக்கொண்டு, எங்களையே சபிப்பார்கள். ஒரு கட்டிலில் எழும்பும் சத்தத்தைக் கேட்டு அடுத்த கட்டிலில் இருப்பவள் நடுங்க ஆரம்பித்துவிடுவாள். அதனால் டிரஸ்ஸிங் வண்டி உள்ளே வந்தவுடன் ரேடியோவை உரக்கத் திருகி வைப்பது எங்கள் வார்டின் வழக்கம். நோயாளிகளுக்காக வைக்கிறோம் என்றுதான் சொல்லிக்கொள்வோம். உண்மையில் அது எங்கள் காதுக்குத்தான்.

இன்னொன்றும் உண்டு. அந்த வார்டில் சேர்ந்த கொஞ்ச நாளிலேயே யாரும் சொல்லித் தராமல் மூக்கை மூடிக்கொள்ளக் கற்றுவிடுவோம். கையால் மூடுவதில்லை. வாயால் மூச்சு விடப் பழகிவிடுவோம், அவ்வளவுதான். கருகிய தோலின் வாடையை நான் இங்கே விவரிக்கப் போவதில்லை. மாஸ்க்குக்குள் தைலம் தடவிக்கொள்வோம், அதையும் மீறி வரும். பழக்கம் வீட்டுக்கும் தொடர்ந்து வந்துவிடும். அடுப்பில் குழம்பு கொதிக்கும்போது நான் நிற்பதைப் பார்த்து என் வீட்டுக்காரர், "ஏன்டி, மீன் மாதிரி வாயைத் தொறந்துக்கிட்டு நிக்கறே?" என்று கேட்பார். சிரித்துவிட்டுப் போய்விடுவேன். குழம்பு வாசனை எனக்கு வந்து எத்தனையோ காலமாகியிருந்தது.

என் வார்டில் ரத்னா என்று ஒரு ஸ்டாஃப் நர்ஸ் இருந்தாள். ஆனேக்கல்காரி, தினமும் பஸ்ஸில் வந்து போவாள். வீட்டில் தெலுங்கு, பள்ளிக்கூடத்தில் கன்னடம், எங்களோடு தமிழ். அவசரத்தில் மூன்றும் கலந்து வரும். அவள் கையைப் போல ஒரு கையை நான் அப்புறம் பார்க்கவில்லை. துணி உரிக்கும்போது எங்கே நிறுத்த வேண்டும், எங்கே ஒரே இழுப்பாக இழுத்துவிட வேண்டும் என்பதெல்லாம் அவள் விரலுக்குத் தெரியும். நோயாளிகள் "ரத்னா சிஸ்டர் வரட்டும்" என்று அடம்பிடிப்பார்கள். எனக்குப் பொறாமையாகக்கூட இருக்கும்.

அந்த ரத்னா ஒரு நாள் என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றாள். அவள் வாரக்கணக்கில் பார்த்துக்கொண்ட ஒரு இளம்பெண் அதற்கு முன்தினம்தான் இறந்திருந்தாள்.

"சிஸ்டர், நன்னிந்த ஆகல்ல. என்னால முடியாது. அவ கத்துனது பஸ்ல கேக்குது. வீட்ல கேக்குது. எங்கம்மா குக்கர் வெச்சா அந்த விசில்ல கேக்குது."

"ரெண்டு நாள் லீவு போடு. சரியாயிடும்."

"லீவு பேடா சிஸ்டர், வேணாம். எங்கண்ணன் ஓசூர்ல ஒரு கம்பெனியில சொல்லி வெச்சிருக்கான். போன் எடுத்துப் பேசற வேலை. உகாதிப் பண்டிகை ஆனதும் போயிடறேன். அதுவரைக்கும் டிரஸ்ஸிங் மட்டும் என்கிட்ட குடுக்காதீங்க. வேற எது சொன்னாலும் செய்யறேன்."

ரத்னா வேலையை விட்டுப் போனால் வேறு ஆள் வருவாள், வார்டு நின்றுவிடாது. ஆனால் அந்தக் கை ஓசூரில் போய் டெலிபோனைத் தூக்கிக்கொண்டு உட்காரப் போகிறது என்று நினைத்தபோது எனக்கு வயிறு எரிந்தது. திட்டிப் பார்த்தேன், கெஞ்சியும் பார்த்தேன். தலை குனிந்து நின்றாளே தவிர மாறவில்லை.

அந்தச் சமயத்தில்தான் நர்சுகளின் மன அழுத்தத்துக்கு வகுப்பு என்று சுற்றறிக்கை வந்தது. நாங்கள் அதற்கு 'மூச்சு கிளாஸ்' என்று பெயர் வைத்துவிட்டோம். எடுக்க வந்தவர் ஒரு மேடம். பேர் சொல்ல மாட்டேன், சொன்னால் அவருக்குப் பிடிக்காது. தாத்தா காலத்திலேயே சர்க்கார் உத்தியோகத்துக்காக இந்த ஊருக்கு வந்து தங்கிவிட்ட தமிழ்க் குடும்பம். கஞ்சி போட்ட காட்டன் புடவை, அதிராத குரல். பார்த்தவுடனேயே எனக்குப் பிடிக்கவில்லை.

"கண்ணை மூடிக்கோங்கோ" என்றார். யாரும் மூடவில்லை. நர்ஸ் எப்படிக் கண்ணை மூடுவாள்? மூடினாலும் காது வாசலில் இருக்கும். நான் முறைத்த முறைப்பில் ஒருவழியாக மூடினார்கள்.

"மூச்சு மூக்கு நுனியில வந்து தொடறதைக் கவனிங்கோ. உள்ள போறது, வெளிய வர்றது. வேற ஒண்ணும் வேண்டாம்."

எல்லோரும் கீழ்ப்படிந்தோம். பல வருஷமாகப் பூட்டி வைத்திருந்த மூக்கைத் திறந்தோம். என்ன ஆகும்? புடவையில், முடியில், நகக்கண்ணில் ஒட்டியிருந்த அவ்வளவும் உள்ளே வந்தது. ஒருத்தி அழ ஆரம்பித்தாள். ரத்னா எழுந்து ஓடினாள், வராந்தாவில் அவள் வாந்தி எடுக்கும் சத்தம் கேட்டது.

நான் எழுந்தேன். குழாயடி வாய் திறந்தது. "மேடம், நீங்க நல்லா இருப்பீங்க, போதும் நிறுத்துங்க! நாங்க மூக்கை மூடிக்கிட்டுதான் இத்தனை நாளா பொழப்பை ஓட்டறோம். அதைப் போயி தொறக்கச் சொல்றீங்களே, எங்க வார்டு எப்படி இருக்கும்னு ஒரு தடவை எட்டிப் பாத்திருக்கீங்களா?"

இந்த இடத்தில் ஒருவர் என்ன செய்கிறார் என்பதில்தான் அவருடைய தரம் தெரியும் என்று நான் நம்புகிறேன். மேடம் மேலே புகார் சொல்லியிருக்கலாம், 'பழகப் பழகச் சரியாகிவிடும்' என்று சமாளித்திருக்கலாம். அவர் முகம் வெளுத்துவிட்டது.

"எனக்குத் தெரியாதும்மா. கேட்டுண்டு வந்திருக்கணும். இன்னிக்கு இதோட போதும். நாளைக்கு டிரஸ்ஸிங் நேரத்துல நான் உங்க வார்டுல வந்து நிக்கலாமா?"

வரமாட்டார் என்று நினைத்தேன். வந்தார். கவுன், மாஸ்க், வார்டு ரப்பர் செருப்பு எல்லாம் போட்டுக்கொண்டு சுவரோரமாக நின்றார். ரேடியோ அலறியது, கட்டில்களும் அலறின. நடுவில் ஒரு தரம் திரும்பிப் பார்த்தேன், ஆள் சாயப் போகிறார் என்று தோன்றியது. ஆனால் கடைசிக் கட்டில் வரைக்கும் நின்றார். பிறகு பேன்ட்ரியில் டீ டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"விழாம எப்படி நின்னேன் தெரியுமா? கண்ணு இருட்டிண்டு வந்தது. வேற வழி தெரியாம என் காலையே நினைச்சுண்டு நின்னேன். குதிகால் தரையில இருக்கு, விரல் தரையில இருக்கு, நான் இங்க இருக்கேன்னு" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "மூக்கு வேண்டாம். உங்களுக்குக் காலை வச்சுக்கலாம். கண்ணையும் மூட வேண்டாம்" என்றார்.

"கால் எங்க மேடம் போகப் போகுது? சாயங்காலத்துக்குள்ள வீங்கும், அவ்வளவுதான்" என்றேன்.

அவர் சிரித்துவிட்டார். எனக்கு அவரைப் பிடிக்க ஆரம்பித்தது அப்போதுதான்.

அவர் சொன்னது இவ்வளவுதான். கை கழுவியவுடன் கட்டிலுக்கு ஓடாதே. இரண்டு பாதமும் தரையில் ஊன்றியிருப்பது தெரிகிறதா என்று பார். தெரிந்த பிறகு துணியில் கை வை. நடுவில் மனம் எங்காவது ஓடினால் திரும்பக் காலுக்கு வா. இதோடு அவர் நின்றுவிடவில்லை. மேலிடத்தில் போய், டிரஸ்ஸிங் முடிந்ததும் இந்தப் பெண்கள் உட்கார்ந்து டீ குடிக்க நேரம் கொடுக்காவிட்டால் என் வகுப்பால் ஒரு பிரயோஜனமும் இல்லை என்று சொல்லி அதை வாங்கியும் கொடுத்தார். இதைக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு பேர் வேலையை ஒருத்தி தலையில் கட்டிவிட்டு மூச்சைக் கவனி என்று யாராவது சொன்னால், என்னைப் போல எழுந்து நில்லுங்கள்.

வார்டில் அது முதலில் கிண்டலாகத்தான் பரவியது. "ஏய், கால் இருக்கா?" என்று ஒருத்தி கேட்பாள். "ஒண்ணு இருக்கு, இன்னொண்ணு பஸ்ல விட்டுட்டேன்" என்று இன்னொருத்தி சொல்வாள். கிண்டலோடு கிண்டலாகச் செய்யவும் செய்தார்கள். சில வாரத்தில் ரேடியோவின் சத்தம் இறங்கியிருந்ததைக் கவனித்தேன். யாரும் குறைக்கச் சொல்லவில்லை.

ரத்னா மட்டும் கிட்டே வரவில்லை. ஊசி போடுவாள், சாப்பாடு ஊட்டுவாள், டிரஸ்ஸிங் வண்டி வந்தால் துணி அடுக்கி வைக்கும் லினன் ரூமுக்குள் போய்விடுவாள்.

இதில் மங்களாவின் பாடுதான் பெரும்பாடு. மங்களா கார்மென்ட்ஸ் ஃபேக்டரியில் தையல் வேலை செய்த பெண். எங்கள் ஸ்ரீராம்புரம்தான், என் வீட்டிலிருந்து நாலு சந்து தள்ளி. ஸ்டவ் வெடித்துவிட்டது என்றாள். அதற்கு மேல் கேட்பது போலீஸின் வேலை. மார்பு, முதுகு, இரண்டு கை, அத்தனையும் புண். வந்த நாளிலிருந்து ரத்னாதான் அவளுக்குக் கட்டு மாற்றினாள். ரத்னா விலகிய பிறகு வேறு யார் தொட்டாலும் உடம்பை முறுக்கிக்கொண்டு கத்தினாள். பாதியில் நிறுத்த வேண்டியதாயிற்று. புண் அசுத்தமானது, காய்ச்சல் ஏறியது.

டாக்டர் கட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். நல்ல மனிதர், ஆனால் அன்று அவருக்கும் பயம். "சிஸ்டர், இன்னிக்கு முழுசா கிளீன் பண்ணியாகணும். இல்லைன்னா கிருமி ரத்தத்துல ஏறிடும், தோல் எடுத்து வெக்கற கிராஃப்ட் பத்தி நினைச்சே பாக்க முடியாது. காய்ச்சல்ல மயக்க மருந்தும் குடுக்க முடியாது. நாலு பேர் புடிச்சுக்குங்க, முடிச்சிடலாம்."

நாலு பேர் பிடித்துக்கொண்டு செய்வது எங்களுக்குப் புதிதில்லை. ஆனால் அப்படி ஒரு நாள் செய்தால் மறுநாள் ஐந்து பேர் வேண்டும். "கொஞ்சம் பொறுங்க டாக்டர்" என்று சொல்லிவிட்டு லினன் ரூமுக்குப் போனேன். ரத்னா மடித்த துணியையே திரும்ப மடித்துக்கொண்டிருந்தாள்.

"மங்களாவுக்கு இன்னிக்கு ஆகலைன்னா ஆள் மிஞ்சமாட்டா. உன்னை நான் கட்டாயப்படுத்தலை. நீ தொட வேணாம். வந்து அவ கண்ணுல படற மாதிரி நில்லு, போதும்."

"நின்னா கை தானா போகும் சிஸ்டர்."

"போனா போகட்டும். போகலைன்னா திரும்பி வந்து துணி மடி, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

வந்தாள். கை கழுவினாள். கிளவுஸ் மாட்டினாள். கட்டிலின் பக்கத்தில் போய் நின்றாள். நின்றவள் நின்றவள்தான். டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார்.

நான் மெதுவாக, "கால் இருக்கா?" என்றேன். இந்தத் தடவை கிண்டல் இல்லை.

"தெரியல சிஸ்டர். இல்ல" என்றாள். முகமெல்லாம் வேர்த்திருந்தது.

அந்த நேரத்தில் அவளை அனுப்பிவிடலாமா, நாலு பேரைக் கூப்பிடலாமா என்று என் மனம் அடித்துக்கொண்டது. ஆனால் சும்மா நின்றேன். என் பணிக்காலத்தில் நான் செய்த நல்ல காரியங்களில் அந்தச் சும்மா நின்றதும் ஒன்று.

மங்களாதான் பேசினாள். "கால் என்ன சிஸ்டர்? என்ன கேக்கறாங்க?"

ரத்னா பொய் சொல்லவில்லை. "பயமா இருந்தா கால் தரையில இருக்குதான்னு பாக்கணும். அப்டி சொல்லிக் குடுத்திருக்காங்க."

"உங்களுக்கா பயம்?"

"ஆமா மங்களா. ரொம்ப."

மங்களா அவளையே பார்த்தாள். அப்புறம் அழுகிற குரலில், "எனக்குத் தரையே இல்லையே சிஸ்டர். படுத்தே கெடக்கறேனே" என்றாள்.

எனக்கு எப்படித் தோன்றியது என்று இன்றைக்கும் தெரியாது. கட்டிலின் கால்மாட்டுக்குப் போனேன். அவ்வளவு எரிந்த உடம்பில் அவளுடைய பாதங்களில் மட்டும் ஒரு கொப்புளம் கிடையாது. என் இரண்டு உள்ளங்கையையும் அந்தப் பாதங்களின் அடியில் வைத்தேன். "இதான் உன் தரை. நல்லா ஊனி மிதி."

அவள் பதறிப்போய்க் காலை இழுத்துக்கொண்டாள். "ஐயய்யோ, பெரியவங்க நீங்க! உங்க கையில போயி மிதிக்கறதா? பாவம் சிஸ்டர்!"

"பாவமெல்லாம் நான் பாத்துக்கறேன். ஸ்ரீராம்புரத்துப் பொண்ணுதானே நீ? தண்ணி லாரி வந்தா எப்படி நிப்பே? அந்த மாதிரி நில்லு. மிதிடீ."

மெல்லக் காலை நீட்டினாள். மிதித்தாள். காய்ச்சலில் கொதித்த பாதம் என் கையில் அழுந்தியது. ரத்னா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவளுடைய ரப்பர் செருப்பில் விரல்கள் விரிந்து ஊன்றியதை நான் கண்ணால் கண்டேன். பிறகு அவள் குனிந்து, முதல் துணியை நனைத்தாள்.

வலிக்கவில்லை என்றெல்லாம் கதை விட மாட்டேன். மங்களா கத்தினாள். ஆனால் கையை முறுக்கவில்லை. வலி ஏறும்போதெல்லாம் என் கையை மிதித்தாள், நான் திருப்பி அழுத்தினேன். யாரோ ரேடியோவை நிறுத்தியிருந்தார்கள். ரத்னா பேசிக்கொண்டே செய்தாள், "இதோ இந்த ஓரம் மட்டும் மங்களா, மிதி, ஆங், அப்டித்தான்." கடைசிக் கட்டு முடிந்தபோது என் மணிக்கட்டு இரண்டும் விட்டுப்போயிருந்தன. மறுநாள் டாக்டரே வந்து, "இன்னிக்குப் பாதம் புடிக்கறது யாரு?" என்று கேட்டார்.

காய்ச்சல் இறங்கியது. தொடையிலிருந்து தோல் எடுத்து வைத்தார்கள், பிடித்துக்கொண்டது. ரத்னா தினமும் அந்தக் கட்டிலுக்குப் போனாள். ஓசூரைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. உகாதி கிட்ட வந்துகொண்டே இருந்தது. கேட்டால் போகிறேன் என்று சொல்லிவிடுவாளோ என்று வாயை மூடிக்கொண்டேன். என் வாய் அப்படி மூடியிருந்தது எனக்கே ஆச்சரியம்.

அந்த மேடத்துக்கு நான் பட்ட கடன் பெரியது. ஒரு நாள் பேன்ட்ரியில் நன்றி சொல்லப் போனபோது, "நான் மூக்குன்னேன், நீங்கதானே வேண்டாம்னேள்" என்று சொல்லித் தட்டிவிட்டார். என் வீட்டில் குழம்பு வாசனை எனக்குத் திரும்ப வந்த நாளில் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்று அவரை நினைத்துக் கும்பிட்டேன். மங்களாவுக்கும் நன்றி சொல்ல வேண்டும். நோயாளிக்கும் ஊன்ற ஒரு தரை வேண்டும் என்று, எங்கள் பாடத்தில் எங்களுக்குத் தெரியாத பாதியை அவள்தான் சொல்லிக் கொடுத்தாள்.

உகாதிக்கு முந்தின நாள் காலையில் மங்களாவை முதல் தடவையாக எழுப்பி நிறுத்தினோம். அத்தனை நாள் படுத்துக் கிடந்தவளுக்கு நிற்பது சாதாரண விஷயமில்லை, கால் வெடவெடக்கும், தலை சுற்றும். கையைப் பிடிக்க வழியில்லை. இடுப்பில் போர்வையைச் சுற்றி நான் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டேன். ரத்னா முன்னால் நின்றாள். மங்களா கட்டிலின் விளிம்பிலிருந்து வழுக்கி இறங்கினாள், இரண்டு பாதமும் சிமென்டுத் தரையைத் தொட்டன. கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

"கண்ணைத் தொற மங்களா. கால் தரையில இருக்கா?" என்றாள் ரத்னா.

மங்களா கண்ணைத் திறந்து கீழே பார்த்தாள். "இருக்கு சிஸ்டர்" என்றாள். பிறகு ரத்னாவை நிமிர்ந்து பார்த்து, "உங்களுது?" என்று கேட்டாள்.

ரத்னா குனிந்து தன் ரப்பர் செருப்பைப் பார்த்தாள். நான் போர்வையை இறுக்கிப் பிடித்தேன்.

"இருக்கு" என்றாள். அப்புறம் மங்களாவின் தோளுக்கு மேலாக என்னைப் பார்த்தாள். "இங்கதான் இருக்கு சிஸ்டர். எங்கண்ணன்கிட்ட நீங்களே ஒரு வார்த்தை சொல்லிடுங்க."